பள்ளிப் போட்டிகளும் நம் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பிள்ளையின் பையில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கிராஅத் போட்டி, வினாடி வினா, ஓட்டப் பந்தயம், மரம் நடும் இயக்கம், விடுமுறைக்குள் இத்தனை நூல்களைப் படித்து முடிக்கும் சவால் என்று ஏதேனும் ஒன்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரின் கையொப்பம் கேட்கப்பட்டிருக்கிறது. சில வீடுகளில், "ஓதுகிற பிள்ளைக்குப் போட்டி என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று அத்தாள் அப்படியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. வேறு சில வீடுகளிலோ, "முதற் பரிசு இல்லாமல் வீட்டு வாசலை மிதிக்காதே" என்ற கண்டிப்போடு கையொப்பம் இடப்படுகிறது.

அன்பிற்குரிய வாசகர்களே! இவ்விரண்டில் நம் வீடு எது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். போட்டி என்றாலே மார்க்கத்திற்குப் புறம்பானது என்று கருதுவோரும் உளர். வெற்றி ஒன்றே குறிக்கோள் என்று கருதுவோரும் உளர். இவ்விரு சாராரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சற்றே உற்று நோக்கினால், தம் கருத்தை மாற்றிக்கொள்வர் என்பதில் ஐயமில்லை.

இரண்டு வகைப் போட்டி

முந்த வேண்டும் என்னும் வேட்கை மனிதனின் பிறவிக் குணம். தவழும் குழந்தைகள் இருவரிடையே ஒரு பந்தை உருட்டி விட்டால் அதனைக் காணலாம். இறைவன் படைத்த இக்குணத்தை இஸ்லாம் அழிக்க முற்படவில்லை. அதற்கு நல்வழி காட்டுகிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர் முன்னோக்கும் ஒரு திசை உண்டு, ஆதலால் நன்மைகளின்பால் ஒருவரை ஒருவர் முந்திக்கொள்ளுங்கள் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 148ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஐந்தாம் அத்தியாயம் 48ஆம் வசனத்திலும் அதே கட்டளை வருகிறது. சுவனத்தில் நல்லோர்க்குக் கிடைக்கும் பேறுகளை விவரித்துவிட்டு, போட்டியிடுவோர் இதிலன்றோ போட்டியிட வேண்டும் என்று 83ஆம் அத்தியாயம் 26ஆம் வசனம் ஆர்வமூட்டுகிறது.

அதே அருள்மறையில் போட்டி கண்டிக்கப்பட்டும் இருக்கிறது. ஸூரத்துல் ஹதீதின் 20ஆம் வசனம், இவ்வுலக வாழ்வு என்பது விளையாட்டும் வீணும் அலங்காரமும், ஒருவர்மீது ஒருவர் பெருமையடித்துக்கொள்வதும், பொருளிலும் மக்களிலும் பெருக்கத்தை நாடிப் போட்டியிடுவதுமே என்று இகழ்ந்துரைக்கிறது. அதனை அடுத்து வரும் 21ஆம் வசனமோ, உங்கள் இறைவனின் மன்னிப்பை நோக்கி முந்துங்கள் என்று அழைக்கிறது. அடுத்தடுத்த இரு வசனங்களில் இருவகைப் போட்டிகள்! ஒன்று பிறரைத் தாழ்த்தித் தான் உயர்வது. மற்றது நன்மையை நோக்கி விரைவது. கையொப்பமிடும் முன் நாம் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பிள்ளையை எந்தப் போட்டிக்கு அனுப்புகிறோம் என்பதே.

மதீனாவின் குதிரைப் பந்தயம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்னும் செய்தியை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அதன் ஏற்பாட்டைக் கவனியுங்கள். தீனி முறைப்படுத்தி உடல் இறுகப் பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் குறிக்கப்பட்டது. அது ஐந்தாறு மைல் இருக்கும் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். அத்தகைய பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் கூட்டத்தாரின் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் தூரமே குறிக்கப்பட்டது. இப்பந்தயத்தில் இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள்.

பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடவில்லை நம் பெருமானார். வாயில்லாப் பிராணியிடத்திலேயே இந்த நீதி பேணப்பட்டதென்றால், பிள்ளைகளிடத்தில் எவ்வளவு பேணப்பட வேண்டும்! தனி ஆசிரியர் வைத்துப் பயின்ற பிள்ளையையும், கடையில் தந்தைக்கு உதவிவிட்டு இரவில் பாடம் படிக்கும் பிள்ளையையும் ஒரே மேடையில் ஏற்றி, இவன் வென்றான், அவன் தோற்றான் என்று அறிவிப்பது எளிது. வயதிற்கும் வாய்ப்பிற்கும் ஏற்பப் பிரிவுகள் வகுப்பதே நபிவழிக்கு நெருக்கமானது. போட்டி நடத்தும் பள்ளி நிர்வாகத்தினரும் ஜமாஅத்தாரும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

நபியவர்கள் கேட்ட வினா

வினாடி வினா என்பது புதுமை என்று எண்ணுகிறோம். ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு வினாவைத் தொடுத்தார்கள். மரங்களுள் ஒரு மரம் உண்டு. அதன் இலை உதிர்வதில்லை. முஸ்லிமுக்கு அது உவமை. அது எந்த மரம் என்று கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. விடை யாருக்கும் தோன்றவில்லை. அது பேரீச்ச மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பட்டது. ஆயினும் அவையில் இருந்தோர் எல்லாரும் மூத்தோர். தாம் மிக இளையவர். வெட்கம் நாவைக் கட்டிவிட்டது. பின்னர் நபியவர்களே விடையைக் கூறினார்கள்.

பிறகு நடந்ததுதான் பெற்றோருக்குப் பாடம். தம் உள்ளத்தில் விடை தோன்றியதையும் வெட்கத்தால் வாய் திறவாததையும் மகன் தம் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். கண்டிப்புக்குப் பெயர் பெற்ற அந்தத் தந்தை என்ன செய்தார்கள்? கோழை என்று ஏசினார்களா? இல்லை. நீ அதனைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வம் எனக்குக் கிடைப்பதைவிட அது எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்று கூறினார்கள். வருத்தம் அதில் உண்டு, வசை இல்லை. அடுத்த முறை பேசு என்னும் ஊக்கமும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைக் கல்வி பற்றிய பகுதியிலேயே எடுத்துரைத்து, தோழர்களின் அறிவைச் சோதிக்கத் தலைவர் வினா எழுப்புதல் என்று தலைப்பும் இட்டிருக்கிறார்கள்.

தோல்வியைத் தாங்கும் பண்பு

அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் மக்களே, எய்யுங்கள், உங்கள் தந்தை அம்பெய்வதில் வல்லவராக இருந்தார், நான் இன்ன அணியுடன் இருக்கிறேன் என்றார்கள். உடனே எதிரணியினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்களுடன் இருக்க நாங்கள் எவ்வாறு எய்வது என்றனர். அப்போது நபியவர்கள், எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்று அருளினார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. ஓர் அணியின் ஊக்கம் குன்றியதைக் கண்டதும் அதனைச் சரி செய்த அந்தக் கனிவை, போட்டி நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி. நபியவர்களின் ஒட்டகம் அள்பா எந்த ஓட்டத்திலும் முந்தப்படாதது. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனத்துயரை அளித்தது. அதனைத் திருமுகக் குறிப்பால் உணர்ந்த நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்துவிட்ட எதனையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று ஆறுதல் கூறினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடிய ஓட்டத்தில் முதலில் அன்னையவர்கள் வென்றதும், பிறிதொரு காலத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று இன்முகத்துடன் கூறியதும் நாம் அறிந்தவையே. அகில உலகத்தின் தலைவருக்கே தோல்வி ஓர் இழுக்காகத் தோன்றவில்லை. நம் பிள்ளை இரண்டாம் இடம் பெற்றால் நம் முகம் ஏன் வாட வேண்டும்?

ஒரு சட்டைப் பரிசு

வெற்றி பெற்ற பிள்ளைக்குப் பரிசளிப்பதும் அன்றே நிகழ்ந்திருக்கிறது. அம்ரு இப்னு ஸலிமா (ரலி) என்னும் சிறுவர் வணிகக் கூட்டங்கள் தங்கிச் செல்லும் நீர்த்துறை ஒன்றின் அருகே வாழ்ந்தார். வழிப்போக்கர்கள் சொல்லிச் செல்லும் இறைவசனங்களைக் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அவருடைய குலத்தார் இஸ்லாத்தைத் தழுவினர். குர்ஆனை அதிகம் அறிந்தவர் இமாமாக நிற்கட்டும் என்பது நபியவர்களின் கட்டளை. குலத்தாரிடையே தேடிப் பார்த்தபோது அச்சிறுவரை விஞ்சியவர் ஒருவரும் இலர். ஆறு அல்லது ஏழு வயதில் அவர் இமாமானார். அவருடைய போர்வையோ சிறியது, ஸஜ்தாவில் மேலேறிவிடும். அதனைக் கண்டு குலத்தார் துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையால் தமக்கு உண்டான மகிழ்ச்சி வேறெதனாலும் உண்டானதில்லை என்று பிற்காலத்தில் அவரே நினைவு கூர்ந்தார். பிள்ளையின் மனத்தில் ஒரு சிறு பரிசு எத்தனை ஆண்டுகள் தங்குகிறது, பாருங்கள்!

பரிசு குறித்து ஒரு சட்ட எச்சரிக்கையும் இங்கே அவசியம். பள்ளியோ, ஜமாஅத்தோ, கொடையாளரோ தம் பொருளிலிருந்து கொடுப்பது அன்பளிப்பு, அதில் தவறில்லை. ஆனால் பங்கு பெறும் பிள்ளைகள் அனைவரிடமும் பணம் திரட்டி, அத்தொகையையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுத்து, ஏனையோர் போட்ட பணத்தை இழக்கும்படி செய்தால், அது சூதின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும். நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிகளில் அத்தொகை எதற்குச் செலவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐயம் இருப்பின் உள்ளூர் ஆலிமை அணுகுங்கள்.

ஓதுவீராக என்ற கட்டளையின் வழியில்

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் காண்போம். துபை ஆட்சியாளர் ஷெய்கு முஹம்மது பின் ராஷித் அல் மக்தூம் அவர்கள் 2015இல் அரபு வாசிப்புச் சவால் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு பள்ளியாண்டில் மாணவர் ஒருவர் 50 நூல்களைப் படிக்க வேண்டும். கடவுச்சீட்டைப் போன்ற ஐந்து சிறு ஏடுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பத்து நூல்களின் சாரத்தைத் தம் கையால் எழுத வேண்டும். பள்ளி, வட்டாரம், நாடு என்று படிப்படியாகத் தேர்வு நடந்து, இறுதிச் சுற்று துபையில் நிகழும்.

முதலாண்டிலேயே 35 இலட்சம் மாணவர்கள் சேர்ந்தனர். 2016இல் முதற் பரிசு பெற்றவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவர். அவ்வாண்டு சிறந்த பள்ளிக்கான பரிசினைப் பெற்றது, ஆக்கிரமிப்பின் இன்னல்களுக்கிடையே கல்வியை விடாது வளர்க்கும் பாலஸ்தீனத்து நாப்லஸ் நகரின் பள்ளி. 2022இல் 44 நாடுகளைச் சேர்ந்த 2 கோடியே 20 இலட்சத்திற்கும் அதிகமான மாணவர்கள் பங்கு கொண்டனர். அவர்களுள் முதலிடம் பெற்றவர் சிரியாவின் அலெப்போ நகரத்துச் சிறுமி. வயது ஏழு. போரில் தந்தையை இழந்த பிள்ளை அவர்.

இந்தச் சவாலில் ஒரு நுட்பம் உண்டு. முதற் பரிசு ஒருவருக்கே கிடைக்கும். ஆனால் படித்த 50 நூல்கள் படித்தவர் அனைவருக்கும் உரியவை. பரிசு பெறாத பிள்ளையும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நல்ல போட்டிக்கு இதுவே உரைகல். போட்டி முடிந்த பின் தோற்ற பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். படித்த நூலோ, நட்ட மரமோ, மனனம் செய்த ஸூராவோ மிஞ்சுமாயின், அப்போட்டி நன்மையின் பாற்பட்டது. அழுகையும் அவமானமும் மட்டுமே மிஞ்சுமாயின், அத்தகைய போட்டியை நாம் திருத்த வேண்டும்.

நடுவர் இருக்கையில் நான் கண்டது

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழாவின் கிராஅத் போட்டிக்கு நடுவராக அழைக்கப்பட்டிருந்தேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இனிய குரலில் ஓதத் தொடங்கினான். பாதியில் வசனம் மறந்துவிட்டது. மீண்டும் தொடங்கினான், மீண்டும் அதே இடத்தில் நின்றான். அவன் எங்களை நோக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த தன் தந்தையை நோக்கினான். தந்தை தலையைக் குனிந்துகொண்டார். நேரம் முடிந்ததென்று நான் மணியை அழுத்தினேன்.

விழா முடிந்து வெளியே வந்தபோது, "ஊர் நடுவே என் மானத்தை வாங்கிவிட்டாயே" என்று அவர் மகனிடம் கூறியது என் செவியில் விழுந்தது. அதன்பின் அச்சிறுவன் மக்தபுக்கு வர மறுத்துவிட்டான் என்று அவனுடைய உஸ்தாத் சொல்லக் கேட்டேன். எத்தனை மாதங்கள் பாடுபட்டு மனனம் செய்த பிள்ளை! அவனைக் குர்ஆனிடமிருந்து விலக்கியது அவனுடைய மறதியா? அன்று, அத்தந்தையின் சொல்லும், நான் அழுத்திய மணியுமே. தந்தையை மட்டும் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. அவனை அருகழைத்து, விட்ட வசனத்தை எடுத்துக் கொடுத்து, ஓதி முடிக்கச் செய்திருக்க என்னால் இயன்றிருக்கும். மதிப்பெண் குறைந்திருக்கும், பிள்ளை குறைந்திருக்க மாட்டான்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி. குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார். திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கோ இரண்டு கூலிகள் உண்டு என்பது அதன் கருத்து. மத்ரஸாவில் எத்தனையோ முறை பாடமாக ஓதிய ஹதீஸ்தான். ஆயினும் நடுவர் இருக்கையில் அமர்ந்தபோது அது என் நினைவில் இல்லை. திணறலுக்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தோம். அல்லாஹ்வோ அதே திணறலுக்குக் கூலியை இரட்டிப்பாக்குகிறான். அதன்பின் நான் நடுவராகச் செல்லும் இடங்களில் ஒரு வேண்டுகோளை முன்வைப்பது வழக்கமாகிவிட்டது. மறந்து நின்ற பிள்ளை, மதிப்பெண் என்னவாயினும், ஓதி முடித்த பின்னரே மேடையை விட்டு இறங்க வேண்டும். இதற்கு எந்தப் பள்ளியும் மறுப்புச் சொன்னதில்லை.

மேடையின் ஆபத்து

தோற்ற பிள்ளைக்கு ஓர் ஆபத்து என்றால், வென்ற பிள்ளைக்கு வேறோர் ஆபத்து. மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படுவோர் மூவரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் உள்ளது. அவர்களுள் ஒருவர் கல்வி கற்று, கற்பித்து, குர்ஆனும் ஓதியவர். உனக்காகவே இதனைச் செய்தேன் என்று அவர் இறைவனிடம் கூறுவார். இல்லை, அறிஞர் என்று சொல்லப்பட வேண்டுமென்று கற்றாய், காரி என்று சொல்லப்பட வேண்டுமென்று ஓதினாய், அவ்வாறே சொல்லப்பட்டும்விட்டது என்று பதில் வரும். பின் அவர் நரகில் எறியப்படுவார்.

இதனைக் கூறிப் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டாம். பரிசைக் கண்டு மகிழ்வது பிள்ளையின் இயல்பு; சட்டையைக் கண்டு அம்ரு (ரலி) அவர்களும் மகிழ்ந்தார்கள். இந்த நபிமொழி பெற்றோராகிய நமக்கே முதலில் உரியது. பிள்ளை ஓதிய வசனத்தின் பொருள் யாதென ஒரு முறையும் கேட்காமல், அவன் வாங்கிய கோப்பையை மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினால், ஓதுவது எதற்காக என்னும் பாடத்தை நாமே அவனுக்குத் தவறாகக் கற்பித்தவர்கள் ஆவோம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஆதலால், பிள்ளை கொண்டுவரும் தாளை ஒதுக்காதீர்கள். நற்பொருள் பற்றிய போட்டியாயின், தொழுகை நேரத்திற்கும் மார்க்க ஒழுக்கத்திற்கும் இடையூறு இல்லையாயின், மகிழ்வுடன் கையொப்பமிடுங்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு நீதி, பெண் பிள்ளைக்கு ஒரு நீதி என்று வைக்காதீர்கள். பிள்ளையின் கட்டுரையை நீங்கள் எழுதிக் கொடுத்து அவன் பெயரை இடாதீர்கள். அது அவனுக்கு நீங்கள் கற்பிக்கும் முதற் பொய்யாகிவிடும். புறப்படும் முன் அவனுடன் சேர்ந்து துஆச் செய்யுங்கள். திரும்பி வந்ததும், "என்ன பரிசு?" என்று கேட்பதற்கு முன், "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். வென்றிருந்தால், அல்ஹம்து லில்லாஹ் என்று அவன் வாயால் சொல்லச் செய்யுங்கள். தோற்ற நண்பனிடம் சென்று அன்பாகப் பேசச் சொல்லுங்கள். தோற்றிருந்தால், அள்பாவின் கதையைச் சொல்லி அவனுக்குப் பிடித்த உணவை ஆக்கிக் கொடுங்கள்.

ஜும்ஆவுக்கு முற்கூட்டியே வருவதிலும் ஒரு போட்டி இருக்கிறது. முதல் நேரத்தில் வந்தவர் ஒட்டகத்தைத் தர்மம் செய்தவர் போன்றவர், அடுத்தவர் மாட்டைத் தந்தவர் போன்றவர் என்று படிப்படியாகக் குறைத்து, இறுதியில் முட்டை வரை நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையன்று பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு சற்று முன்னதாகவே பள்ளிவாசலுக்குப் புறப்படுங்கள். நன்மையில் முந்துவது எப்படி என்று அவன் உங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளட்டும்.

நன்மையில் முந்துவோரின் கூட்டத்தில் நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! வெற்றியில் செருக்கையும் தோல்வியில் சோர்வையும் நம் உள்ளங்களிலிருந்து அகற்றுவானாக! ஆமீன்.